இல்லாத குருவிக்குப் பெயர் சொன்ன நாள்

பறவைகள் சரணாலயத்துக்குப் போவோம் என்று சொன்னது மருமகன்தான். என் மகளைக் கல்யாணம் முடித்து, நிந்தவூரிலிருந்து எங்கள் வீட்டோடு வந்து அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் அவரும் நானும் சேர்ந்து எங்கும் போனதில்லை. பள்ளிவாசலுக்குத் தொழக்கூட முன்பின்னாகத்தான் போவோம். கல்முனைக்குடியில் மாமனும் மருமகனும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறிப் போவது இருவருக்குமே கூச்சமான காரியம். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் வந்து, அவர் என்னைக் குருவி பார்க்கக் கூட்டிப்போகப் போகிறாராம் என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எனக்கு ஹாட்வெயார் கடை. ஆணி, பைப், பெயின்ட் என்று நாள் முழுக்க அதற்குள் கிடப்பவன். ஆனால் கிட்டங்கிக்கு அங்காலுள்ள வட்டையில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. இளவயதில் தண்ணீர் கட்டப் போய் வரம்பில் காத்துக்கொண்டிருந்த நேரங்களில்தான் குருவிகள் மேல் ஆசை வந்தது. புல்லுக்குள் ஒளிந்திருந்து கத்துகிற சின்னக் குருவிகளைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். காதால்தான் பிடிக்க வேண்டும். பழகப் பழக, சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்கிற ஆள் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் வந்துவிட்டது. அந்தப் பேரில் எனக்குப் பெருமை அதிகம். பைப் வாங்க வந்தவரை நிறுத்திவைத்து, கடை வாசல் கம்பியில் கத்துவது எது என்று சொல்லி அனுப்பிய நாட்கள் உண்டு.

மருமகன் ஆஸ்பத்திரியில் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார். கூட வேலை செய்யும் நண்பர் ஒருவருக்குப் புதிதாகக் குருவிப் பைத்தியம் பிடித்திருந்தது. எங்கள் மாமா கண்ணை மூடிக்கொண்டே குருவியின் பெயரைச் சொல்லுவார் என்று மருமகன் அவரிடம் பெரிதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் முழுக்க என்னோடு இருந்து கேட்டுப் பழக வேண்டும் என்று நண்பர் பிடிவாதம் பிடித்ததால்தான் இந்தப் பயணம். மகள் இதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. வீட்டில் என்னோடு சரியாகக் கதைக்காத மனிதர் வெளியில் போய் என்னைப் புகழ்கிறாரா?

ஏனென்றால் மருமகனைப் பற்றி அப்போது எனக்கு நல்ல எண்ணம் இருக்கவில்லை. படித்தவர், நல்ல உத்தியோகம், மகளையும் நன்றாகத்தான் வைத்திருந்தார். ஆனால் மரியாதை போதாது என்று நினைத்தேன். வீட்டுக்குள் நுழையும்போது சலாம் சொல்வதில்லை. ஏதாவது கேட்டால் வாய்க்குள் முணுமுணுப்பார். மறுபடி கேட்டால் சிரித்துவிட்டு அங்கால் போய்விடுவார்.

மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். காரை மருமகன் ஓட்டினார். அக்கரைப்பற்றில் நண்பர் ஏறிக்கொண்டார். மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர், ஏறியதிலிருந்து கேள்விதான். அவர் பின்னாலிருந்து கேட்டதில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஜன்னல் காற்றின் இரைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். விளங்காத இடங்களில் தலையை ஆட்டினேன். சில இடங்களில் மருமகன் அதே கேள்வியை என் பக்கம் திரும்பி இன்னொரு தரம் சொன்னார். அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவேயில்லை.

பாணமைக்கு அங்கால் காரை விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினோம். ஜீப்காரர் பொத்துவில் ஆள். பாதையும் அவரே காட்டுவார். காடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, திடீரென்று வில்லு தெரிந்தது. வில்லு என்றால் கடலுக்குக் கிட்ட, தண்ணீரும் கண்டல் மரங்களுமாகப் பரந்து கிடக்கும் சதுப்பு. கூடு கட்டும் காலம் அது. மரங்களின் தலை முழுக்க வெள்ளை. நாரைகள், கரண்டிவாயன்கள், கூழைக்கடாக்கள், அவற்றுக்கு இடையில் இறக்கையை விரித்துக் காயவைத்திருக்கும் நீர்க்காகங்கள். நான் குழந்தைபோல ஆகிவிட்டேன். தூரக்கண்ணாடியை நண்பரிடம் கொடுத்து எது எது என்று காட்டினேன். கரண்டிவாயன் தண்ணீருக்குள் வாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுவதைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் காலைப்பொழுதில் ஒரு மணி நேரம் போல நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதை இப்போது நினைத்தாலும் மறுக்க முடியவில்லை.

பிறகு ஜீப்காரர் எஞ்சினை நிறுத்தினார். "இனிக் கேப்பம் மாமா" என்றார் நண்பர். தன் கைபேசியை மடியில் வைத்தார். சுற்றிலும் கேட்கிற சத்தத்தை வைத்துக் குருவியின் பெயரை எழுதிக் காட்டுகிற ஒன்றை அதில் போட்டிருந்தார். நான் சொல்வதையும் அது காட்டுவதையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறாராம்.

தூரத்தில் செண்பகம் கூவியது. சொன்னேன். மயில் அகவியது. அது எல்லாருக்கும் தெரியும். பிறகு நண்பர் முகம் மலர்ந்து புதர் பக்கம் விரலைக் காட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதைக் கூர்மையாக்கினேன். இலைகளில் காற்றுப் படும் சத்தம் போல ஏதோ இருந்தது, அவ்வளவுதான். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. புதரைப் பார்த்தேன். பூ இருந்தது. "தேன்சிட்டு" என்றேன். நண்பர் கைபேசியைப் பார்த்து, அதுவும் அப்படித்தான் காட்டுகிறது என்று வியந்தார்.

அந்த இடத்தில் எனக்குப் பயம் பிடித்தது. பயத்தோடு ஒரு கள்ளத்தனமும் வந்தது. அதன் பிறகு அவர் விரலைத் தூக்கும்போதெல்லாம் நான் அவருடைய மடியை ஓரக்கண்ணால் பார்த்தேன். திரையில் புதிதாக ஒரு பெயர் மின்னினால் அதைத் தமிழில் சொன்னேன். பஞ்சுருட்டான் என்றேன், மீன்கொத்தி என்றேன். ஒன்றையும் நான் கேட்கவில்லை. வயலில் என் காதுக்குள்ளேயே குடியிருந்த குருவிகள் அவை. அவற்றைக் கேட்டு எத்தனை காலமாகிறது என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. ஊரில் குருவிகள் குறைந்துவிட்டன என்று நான் பலரிடம் குறைப்பட்டது மட்டும் ஞாபகம் வந்தது.

மருமகன் என்னைப் பார்ப்பதை நான் கவனித்தேன். அவர் கையை நீட்டி, வெயிலுக்குச் சூடாகிறது என்று சொல்லிக் கைபேசியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் ஓரக்கண்ணை அவர் கண்டுவிட்டார் என்பதும், எனக்கு உதவத்தான் அப்படிச் செய்தார் என்பதும் இப்போது தெரிகிறது. அந்த நேரம் எனக்குக் கோபம்தான் வந்தது. இருந்த ஒரேயொரு பிடியையும் பறித்துவிட்டாரே என்று.

நண்பர் கண்ணை மூடியிருந்தார். பிறகு மெதுவாக ஒரு விரலைத் தூக்கினார். முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. நான் சுற்றிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு சின்ன மரம், பெரிய இலைகள். "தையல்சிட்டு" என்றேன், உறுதியான குரலில்.

நண்பர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார்.

"இல்ல மாமா," என்றார் தயங்கி. "ஒரு சத்தமும் இல்லாம இரிக்கி, கவனிச்சீங்களா எண்டு கேக்கத்தான் வந்தன்."

ஜீப்காரர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். என் காது மடல் இரண்டும் கொதித்தன. மருமகன் உடனே, இப்போது ஒன்று கத்தினதுதான், தனக்கும் கேட்டது என்றார். அது பொய் என்று அந்த ஜீப்பில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நண்பரும் ஓம், ஓம், தன் காதில் படவில்லை போல என்று சொல்லிக் கீழே பார்த்தார். இரண்டு இளம் ஆட்கள் எனக்காகப் பொய் சொல்ல, நான் தூரக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பகலில் ஆற்றங்கரையில் மருத மரங்களின் கீழ் இறங்கினோம். இறங்க அனுமதியுள்ள இடம் அது. சாப்பாட்டுப் பார்சல்களைப் பிரித்தார்கள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. தொழுகைக்கு ஒழுச் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆற்றோரமாக நடந்தேன். கொஞ்ச தூரத்தில் பட்டுப்போன மரமொன்றின் உச்சியில் பெரிய மீன்பிடிப் பருந்து போல ஒன்று இருந்தது. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒன்று கிடைத்ததே என்று தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தபடியே நடந்தேன்.

பின்னால் நடந்ததைப் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். எனக்கு எதிரே ஆற்றுப் புதருக்குள் தனி யானை நின்றிருக்கிறது. ஜீப்காரர்தான் முதலில் கண்டிருக்கிறார். கத்தினால் யானை வெருளும் என்று நாக்கால் மெல்ல ஒலி எழுப்பி என்னை நிற்கச் சொல்லியிருக்கிறார். நண்பர் அடங்கிய குரலில் மாமா, மாமா என்று கூப்பிட்டிருக்கிறார். மூன்று பேரும் கூப்பிட, நான் நேராகப் புதரை நோக்கி நடந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், யாரோ பின்னால் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்ததுதான். திரும்பினால் மருமகன், செருப்புமில்லாமல். காலையிலிருந்து உள்ளே கிடந்த கோபம் முழுக்க வெளியே வந்தது. "கைய எடு" என்று கத்தினேன். அவரை ஒருமையில் நான் அழைத்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கையாலும் தள்ளிவிட்டேன். அவர் முள்ளுப் பற்றைக்குள் கையை ஊன்றி விழுந்தார்.

விழுந்தவர் எழும்பவில்லை. வாயில் விரலை வைத்துவிட்டு, அந்த விரலாலேயே புதரைக் காட்டினார். அப்போதுதான் கண்டேன். சாம்பல் நிறத்தில் நான் நிழல் என்று நினைத்திருந்தது அசைந்தது. என் சத்தத்துக்கு யானை திரும்பி, காதை விரித்து எங்களைப் பார்த்தது. மருமகன் மெல்ல எழும்பி எனக்கு முன்னால் வந்து நின்றார். அவருடைய கையிலிருந்து ரத்தம் விரல் வழியாகச் சொட்டியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. யானை தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு ஆற்றில் இறங்கி அக்கரைக்குப் போனது.

ஒருவரும் என்னை ஏசவில்லை. ஜீப்காரர் மட்டும், பெரியவருக்குக் காது ஏலாது என்று முதலே சொல்லியிருந்தால் இறக்கியிருக்க மாட்டேன் என்று மருமகனிடம் சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொல்லியிருப்பார். எனக்கு அது நன்றாகவே கேட்டது.

திரும்பும் வழியில் பொத்துவிலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். நண்பர் மருந்துக் கடைக்குப் போனார், காயத்துக்குக் கட்டுப்போட ஏதாவது வாங்கிவர. மேசையில் நாங்கள் இருவரும்தான். மருமகன் என் எதிரே, முகம் தெரியும்படி இருந்துகொண்டு கொஞ்சம் உரத்துக் கதைத்தார்.

"மாமா, கோவிக்காம கேளுங்க. காத ஒருக்கா டொக்டர்ட்ட காட்டுவம்."

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். கல்யாணம் முடித்து வந்த புதிதிலேயே தெரியும் என்றார். வீட்டில் எல்லாருக்கும் தெரியுமாம். ஆனால் நான் மனம் நோவேன் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். இப்படி ஒரு இடத்துக்கு வந்தால் குருவிகள் கேட்காததை நானே உணர்ந்து, நானே கதையை எடுப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். நண்பரின் ஆசையும் நிறைவேறும், மாமாவுக்கும் விளங்கும் என்று. இப்படி முடியும் என்று நினைக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார், ரத்தம் ஊறிய கைலேஞ்சியைக் கையில் சுற்றிக்கொண்டு.

பிறகு நான் கேட்டேன், வீட்டுக்குள் வரும்போது சலாம் சொல்வீர்களா என்று.

"எப்பவும் சொல்லுறதான் மாமா. நீங்க பேப்பர் பாத்துக்கிட்டு இரிப்பீங்க."

நான் என் மனத்துக்குள் மட்டும் வைத்திருந்த குறையல்ல அது. நோன்புப் பெருநாளுக்கு முன்னர் மருமகனின் வாப்பா, தன் வீட்டுக்குப் பெயின்ட் எடுக்க என் கடைக்கு வந்திருந்தார். அப்போது, வேலைக்கு நிற்கிற பையன்களின் காதுபட, உங்கள் மகனுக்குச் சலாம் சொல்லவும் பழக்கவில்லையா என்று அவரிடம் கேட்டுவிட்டேன். சம்பந்தி நிந்தவூரில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர். முகம் கறுத்து, பெயின்டை எடுத்துக்கொண்டு போனார். நான் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன் என்று அன்றைக்கு இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

"வாப்பா உங்கள்ட்டக் கேட்டாரா?" என்றேன்.

"கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு, "இனிச் சத்தமாச் சொல்லுறன் எண்டு சொன்னன்" என்றார்.

மாமாவுக்குக் காது கேட்பதில்லை என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவர் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. நண்பர் பிளாஸ்டரோடு வந்தார். நான் வாங்கி ஒட்டிவிடலாம் என்று கை நீட்டினேன். அதற்குள் நண்பரே ஒட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. நிந்தவூருக்குப் போய்ச் சொன்னதைத் திருப்பி எடுங்கள் என்றாள். இரண்டு நாள் கடையைச் சாட்டி ஒத்திப்போட்டேன். மூன்றாம் நாள் பஸ்ஸில் போனேன்.

சம்பந்தி முற்றத்தில் நெல் காயப்போட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, வாங்க மச்சான் என்று கதிரை போட்டார். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். உங்கள் மகனைப் பற்றி நான் சொன்னது பிழை, அவர் ஒவ்வொரு நாளும் சலாம் சொல்லித்தான் வந்திருக்கிறார், எனக்குத்தான் காது கேட்கவில்லை என்று. யானையைப் பற்றியும், நான் தள்ளியதையும் சொன்னேன். அவர் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே கேட்டார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கிளறினார்.

"பெருநாளைக்கு வந்த நேரம் நான் அவனோட முகம் குடுத்துக் கதைக்கல்ல, மச்சான்" என்றார்.

அவ்வளவுதான். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கதவுக்குப் பின்னால் நின்ற அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சின்ன வயதிலிருந்தே அவன் மெல்லத்தான் கதைப்பான், சத்தம் போட்டால் இவருக்குப் பிடிக்காது, அப்படியே பழகிவிட்டான் என்றார். பிறகு, எங்கள் பக்கம் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "குறை எங்கட வளர்ப்புலயும் இரிக்கி காக்கா, குறை நினைக்காதீங்க" என்றார். பிள்ளையை அவமானப்படுத்திய என்னிடம் அந்தத் தாய் மன்னிப்புக் கேட்கிறார். அந்தத் தேத்தண்ணியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு காதைச் சோதித்தார்கள். மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் போயிருக்கின்றன, பாரமான சத்தங்கள் மிச்சமிருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு காலம் தெரியாமல் இருந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். இரண்டு காதுக்கும் மெசின் போட்டார்கள். முதல் வாரம் பள்ளிக்குப் போகும்போது தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டேன். ஒரு நாள் தொழுகைக்கு வரிசை நிற்கும் ஸப்பில் பக்கத்தில் நின்றவர் அதைப் பார்த்துவிட்டார். பிறகு இழுப்பதை விட்டுவிட்டேன்.

போன மாதம் மருமகனின் நண்பர் ஏதோ வேலையாகக் கல்முனைக்கு வந்தவர் கடைக்குள் வந்தார். வீட்டுக் கேற்றுக்குப் பெயின்ட் வேண்டுமாம். நிறத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். குருவி என்ற சொல்லை எடுக்காமலிருக்க அவர் படுகிற பாட்டைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கடைப் பையன்கள் பக்கத்தில் நின்றார்கள். நிற்கட்டும் என்று நினைத்தேன்.

"தம்பி, அண்டைக்கு எனக்கு ஒண்டும் கேக்கல்ல. உங்கட போனப் பாத்துத்தான் சொன்னன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும் மாமா" என்றார் மெதுவாக. மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு மெசின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். நல்லாத்தான் வேலை செய்யுது, கடைக்குள் இரைச்சல்தான் கூட என்றேன். அவர் பச்சை நிறத்தைத் தெரிவுசெய்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அவருடைய மோட்டார் சைக்கிள் வரை போனேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே என் பின்னால் வந்தார்.